லிபிட்சா குதிரைப் பண்ணையும் மியூசியமும் போய்ப் பாக்கலாமா, இல்ல டைம் வேஸ்டா?

நாலு நாள் ஸ்லோவேனியா ட்ரிப், லுப்லியானா, பிளெட் ஏரி, போஸ்டோய்னா குகை எல்லாம் லிஸ்ட்ல இருக்கு, மேப்ல லிபிட்சானு ஒரு குதிரைப் பண்ணையும் அதுக்குள்ள ஒரே ஒரு குதிரை இனத்துக்குன்னே ஒரு மியூசியமும் காட்டுது, எங்களுக்கு குதிரை மேல பெருசா ஆர்வம் இல்ல, போகலாமானு கேட்டிருக்கீங்க. ஏற்கனவே ஒருத்தர் பதில் போட்டிருக்காரு, மியூசியம் சின்னது, சீக்கிரம் முடிஞ்சிடும், வெள்ளைக் குதிரைய யூடியூப்ல பாத்துக்கலாம், அந்த நேரத்துக்கு பிளெட்ல போட்ல போங்கன்னு. அதுக்கு வரிசையா அப்வோட் வேற. அதப் பாத்த கடுப்புல தான் டைப் பண்றேன், நீளமா போயிடுச்சுன்னா மன்னிச்சுக்கோங்க.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன், இல்லன்னா எவ்ளோ கமிஷன்னு கேக்க ரெண்டு பேர் வருவாங்க. நான் டூர் கம்பெனி ஆளும் இல்ல, குதிரை ஓட்டவும் தெரியாது. பார்டருக்கு இந்தப் பக்கம் இத்தாலியில ட்ரியெஸ்டேல இருக்கோம், வீட்டுக்காரருக்கு இங்க ஆராய்ச்சி வேலை. ஊருக்கு மேல மலையேறி பாசோவிட்சா தாண்டுனா ஸ்லோவேனியா, தாண்டுன கையோட லிபிட்சா. கார்ல இருபது நிமிஷம் ஆனா ஜாஸ்தி. அதனால இந்த இடத்தப் பத்தி எனக்கு ஒரு சொந்தம் கொண்டாடற புத்தி உண்டு, அத மறைக்கல.

உங்க கேள்விக்கு ஒரே வரியில பதில் வேணும்னா: போங்க, ஆனா மியூசியத்த முதல்ல பாத்துட்டு அப்புறம் லாயத்துக்குப் போங்க. தலைகீழா போனீங்கன்னா மேல பதில் போட்டவரு சொன்ன மாதிரிதான் இருக்கும், வெள்ளைக் குதிரை, வெள்ளை வேலி, பச்சைப் புல்லு, நாலு செல்ஃபி, கார்ல ஏறிடுவீங்க. வெறுமனே பாத்தா அது ஒரு வெள்ளைக் குதிரை, அவ்வளவுதான். அது எங்கெங்க துரத்தப்பட்டு எப்படி திரும்பி வந்துச்சுன்னு தெரிஞ்சப்புறம் பாத்தா கதையே வேற.

இத எனக்குப் புரிய வெச்சது எங்க மாமா, அதாவது மாமனார். ஊர்ல கால்நடை ஆய்வாளரா இருந்து ரிடையர் ஆனவரு. இங்க வந்து எங்ககூட தங்கியிருந்தப்ப மனுஷனுக்கு எதுவுமே பிடிக்கல. வெனிஸ் கூட்டிட்டுப் போனோம், "தண்ணிக்குள்ள வீட்ட கட்டிட்டு கெடந்து அவஸ்தப்படறான்"னு ஒரே வரியில முடிச்சிட்டாரு. அப்பதான் வீட்டுக்காரர் ஆபீஸ் போயிருந்த ஒரு நாள் நானே கார எடுத்துட்டு இங்க கூட்டிட்டு வந்தேன். குதிரைனு சொன்னதும் மறுபேச்சு பேசாம சட்டை மாத்திட்டு வந்து நின்னாரு.

(இந்த எடத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும், கேள்விக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, பரவால்ல. ட்ரியெஸ்டேலருந்து வெனிஸுக்கு ட்ரெயின்ல ரெண்டு மணி நேரம்னு தெரிஞ்ச நாள்லருந்து எங்க வீடு வீடா இல்ல, லாட்ஜ். ஐரோப்பால எங்க இருக்கற சொந்தக்காரங்களா இருந்தாலும் "சும்மா உங்களப் பாக்க வரோம்"னு போன். வந்து எறங்குன மறுநாள் காலையில வெனிஸ் ட்ரெயின், ராத்திரி பத்து மணிக்கு வந்து "ஏம்மா ரசம் இருக்கா". எங்களப் பாக்க வந்தவங்க எங்க மூஞ்சியப் பாத்த நேரம் மொத்தம் ரெண்டு காபி குடிக்கிற நேரம். இவங்ககிட்ட லிபிட்சா பக்கத்துல தான் இருக்கு வாங்கன்னா "குதிரையா? அத ஊர்லயே பாக்கலாமே"ம்பாங்க. சரி விடுங்க. படிச்சிட்டு யாராவது நம்மளத்தான் சொல்றான்னு நெனச்சா, ஆமா உங்களத்தான்.)

விஷயத்துக்கு வரேன். மியூசியத்துக்குப் பேரு லிபிகும். பெரிய அரண்மனை மாதிரிலாம் எதிர்பாக்காதீங்க, சின்னது தான், அத ஒத்துக்கறேன். ஆனா கண்ணாடிப் பெட்டிக்குள்ள பழைய சேணத்த அடுக்கி வெச்சு "தொடாதே"னு போர்டு வைக்கிற வகை இல்ல, பாத்து, கேட்டு, தொட்டுப் பழகற மாதிரி பண்ணியிருக்காங்க, குழந்தைங்க இருந்தா போரடிக்காது. சுருக்கமா கதை இதுதான்: 1580ல ஆஸ்திரிய ராஜ குடும்பத்துல ஆர்ச்ட்யூக் சார்லஸ், ட்ரியெஸ்டே பிஷப்புக்கு சொந்தமான இந்த எடத்த எடுத்து அரண்மனைக்கு குதிரை வளக்கற பண்ணையா மாத்துனாரு. இந்தப் பக்கம் முழுக்க கார்ஸ்ட் நிலம், சுண்ணாம்புக் கல்லு, மழை பெஞ்சா தண்ணி நிக்காம நேரா பூமிக்குள்ள போயிடும், புல்லும் கம்மி. இந்தக் கல்லுத் தரையில வளந்ததால தான் காலும் குளம்பும் கெட்டியா ஆச்சுனு சொல்றாங்க. அந்த வரிய நான் தமிழ்ல சொன்னதும் மாமா தலையாட்டுனாரு, "பொறம்போக்குல மேஞ்ச மாடுதாம்மா சீக்கு வராம நிக்கும்"னு.

அடுத்தது ஆறு பொலிகுதிரைங்க பேரு. இந்தப் பண்ணைக் குதிரை இனத்துக்கு லிபிட்ஸானர்னு பேரு, இன்னிக்கு இருக்கற லிபிட்ஸானர்கள்ல கிளாசிக் வம்சம்னு சொல்றது எல்லாம் ஆண் வழியில இந்த ஆறுல ஒண்ணுக்குத் தான் போய்ச் சேரும்: புளூட்டோ, கன்வெர்சானோ, மயெஸ்டோசோ, ஃபேவரி, நியபோலிட்டானோ, சிக்லாவி. புளூட்டோ 1765ல பொறந்த டென்மார்க் குதிரை, கடைசி சிக்லாவி 1810, அது அரபிக் குதிரை. மாமா பாக்கெட்லருந்து மருந்துக்கடை பில்ல எடுத்து பின்பக்கம் ஆறு பேரையும் வருஷத்தோட எழுதிட்டு நிக்கிறாரு, பின்னாடி ஒரு ஜெர்மன் ஃபேமிலி வெயிட் பண்ணுது, நான் நெளியறேன், அவரு நகரல. எழுதி முடிச்சிட்டு கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி, "ஏம்மா, இந்த கன்வெர்சானோ கறுப்புனு போட்டிருக்கு, நியபோலிட்டானோ பழுப்பு. அப்பன் கறுப்பு, பேரன் மட்டும் எப்படி எல்லாம் வெள்ளை?"

நான் அதுவரைக்கும் அது வெள்ளைக் குதிரை இனம்னே தான் நெனச்சிட்டிருந்தேன், பாதிப் பேர் அப்படித்தான் நெனக்கிறாங்க. இல்லையாம். 18ம் நூற்றாண்டுல வரைஞ்ச ஓவியங்கள்ல இந்தப் பண்ணைக் குதிரைங்க கறுப்பு, பழுப்பு, திட்டுத் திட்டானு எல்லா நிறத்துலயும் இருக்கு. ராஜா வண்டியில பூட்ட வெள்ளை தான் வேணும்னு அதுக்கப்புறம் தேர்ந்தெடுத்து தேர்ந்தெடுத்து சேர்த்து வெள்ளையாக்கியிருக்காங்க. அதுலயும் பொறக்கும்போது எதுவும் வெள்ளையா பொறக்காது, குட்டி கறுப்பாவோ கரும்பழுப்பாவோ இருக்கும், வருஷா வருஷம் வெளுத்து ஆறுலருந்து பத்து வயசுக்குள்ள தான் முழு வெள்ளை ஆகும். தோலு கடைசி வரைக்கும் கறுப்பு தான், முடி மட்டும் தான் வெள்ளை, மூக்குகிட்ட பாத்தா தெரியும். நீங்க போறப்ப வெள்ளைத் தாய் பக்கத்துல கரிக்கட்டை மாதிரி ஒரு குட்டி நின்னா மாத்தி விட்டுட்டாங்களோனு நெனச்சுக்காதீங்க.

பேரு வைக்கிறதுலயும் ஒரு முறை இருக்கு, ஆண் குதிரைக்கு ரெண்டு பேரு, முதல் பேரு அப்பன் வம்சம், ரெண்டாவது பேரு அம்மாவோடது. இதப் படிச்சுக் காட்டிட்டு "பாத்தீங்களா மாமா, குதிரைக்குக் கூட அம்மா பேரு சேக்கறாங்க"னு சொன்னேன். எங்க பையனுக்கு என் பேரையும் இனிஷியலா போடலாம்னு நான் சொன்னப்ப வீட்ல நடந்த பஞ்சாயத்து அவருக்கு ஞாபகம் இருக்கும்ல. காது கேக்காத மாதிரி அடுத்த போர்டுக்குப் போயிட்டாரு.

இனிமே சொல்றது தான் எனக்கு இந்த மியூசியமே. நெப்போலியன் படை வருதுனு 1797ல மொத்தப் பண்ணையையும், ஏறக்குறைய 300 குதிரைங்கள, ஹங்கேரிக்கு நடத்தியே கூட்டிட்டுப் போயிருக்காங்க. திரும்பி வந்து பாத்தா லாயம் எல்லாம் பாழு. கட்டி முடிச்சு மூச்சு விடறதுக்குள்ள 1805ல மறுபடி ஓட்டம், இந்தத் தடவ இப்ப குரோஷியால இருக்கற ஜாகோவோவுக்கு. 1809ல திரும்பவும் ஹங்கேரி, 1815ல தான் நிலையா வீடு வந்து சேந்துச்சுங்க. இந்த அலைச்சல்ல பழைய வம்சாவளிப் பதிவேடுங்க அழிஞ்சு போச்சு, 1700க்கு முன்னாடி யாருக்கு யாரு பொறந்ததுனு எழுதி வெச்ச ஏடு எதுவும் இன்னிக்கு இல்ல. மாமா அந்த எடத்துல ரொம்ப நேரம் நின்னாரு. சினை ஊசி ரிஜிஸ்டர வாழ்நாள் பூரா எழுதுன மனுஷன், "குதிரை போனா குட்டி போடும்மா, ரிஜிஸ்டர் போனா போனது தான்"னாரு.

அதோட முடியல. முதல் உலகப்போர்ல 1915ல பண்ணைய காலி பண்ணி வியன்னா பக்கம் லக்சன்பர்க்குக்கு கொண்டு போனாங்க. போர் முடிஞ்சதும் ஆஸ்திரியாவும் இத்தாலியும் குதிரைங்கள பங்கு போட்டுக்கிச்சு, லிபிட்சாவே அப்ப இத்தாலி கைக்குப் போயிடுச்சு. 1943ல ஜெர்மன்காரன் வந்து குதிரைங்கள இப்ப செக் நாட்டுல இருக்கற பொஹீமியால ஹோஸ்டாவ்ங்கற எடத்துக்கு ஏத்திட்டுப் போயிட்டான். 1945 ஏப்ரல்ல ரஷ்யப் படை நெருங்கறப்ப, அங்க இருந்த ஜெர்மன் ஆளுங்களே அமெரிக்கப் படைகிட்ட பேசி, ரெண்டு பக்கமும் சேந்து குதிரைங்கள வெளிய கொண்டு வந்த கதை இருக்கே, போர்ல சுட்டுக்கிட்டவனுங்க குதிரைக்காகக் கை கோத்த கதை, அத நீங்க படிச்சிட்டுப் போனா நல்லது. ஆனா லிபிட்சாவுக்கு அதால கெடச்சது என்னன்னு பாருங்க. 1947ல இந்த ஊரு யூகோஸ்லாவியாவுக்குப் போனப்ப இங்க திரும்பி வந்தது வெறும் 11 குதிரை. மூணு நூத்தாண்டுக்கு மேல இருந்த பண்ணைக்குப் பதினொண்ணு. 1991லருந்து ஸ்லோவேனியா. அதாவது பண்ணை இருந்த எடத்துலயே இருக்கு, அதச் சுத்தி நாடு மட்டும் மாறிட்டே இருந்திருக்கு.

வெளிய வந்து காபி குடிச்சோம். மீதிச் சில்லறையில ஒரு 20 சென்ட் காசு, ஸ்லோவேனியா அடிச்சது, பின்பக்கம் ரெண்டு லிபிட்ஸானர் துள்ளிட்டு நிக்குது. மாமா அத வெரல்ல தேச்சுப் பாத்துட்டு அந்த மருந்துக்கடை பில்லுக்குள்ள மடிச்சு வெச்சுக்கிட்டாரு. உங்களுக்கும் கெடச்சா செலவு பண்ணிடாதீங்க, குழந்தைக்குக் குடுங்க.

அப்புறம் கைடோட லாயத்துக்குப் போனோம். வெல்பான்ட்சானு பழைய லாயம், 1703ல கட்டுனது, மேல வளைவு வளைவா கூரை, உள்ள பொலிகுதிரைங்க நிக்குது. நெடி ஒண்ணும் இல்ல, எங்க அபார்ட்மென்ட் லிஃப்ட விட சுத்தம். எல்லாரும் மூஞ்சிப் பக்கம் நின்னு போட்டோ எடுக்கறாங்க. மாமா மட்டும் ஒரு வயசான குதிரை திரும்பி நின்னப்ப பின்பக்கம் பாத்திட்டிருக்காரு. "இங்க வாம்மா, வால அசைக்கும்போது அடியில பாரு." பாத்தேன். வாலுக்கு அடியில, தோல் மடிப்புல, வறுத்த கடலை சைஸ்ல வழுவழுனு கறுப்புக் கட்டிங்க, நாலஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு. "கைடுகிட்ட கேளு, இது என்னன்னு". எனக்கு சங்கடமா இருந்துச்சு, விருந்துக்குப் போன வீட்ல கறை இருக்குனு சொல்ற மாதிரி. கேட்டேன். அந்தப் பொண்ணு மூஞ்சியே மாறிடுச்சு, கோவம் இல்ல, சந்தோஷம். யாருமே இதப் பாக்க மாட்டாங்க, உங்க அப்பா டாக்டரானு கேட்டா. மெலனோமா, தோல்ல வர்ற கட்டி, வயசான வெள்ளைக் குதிரைங்கள்ல பெரும்பாலானதுக்கு வரும், அநேகமா மெதுவாத் தான் வளரும், கவனிச்சுட்டே இருக்கோம்னா. வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தேன். 2008ல ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் தலைமையில கண்டுபிடிச்சிருக்காங்க: எந்த ஜீன் மாத்தம் முடிய வெளுக்க வைக்குதோ அதே மாத்தம் தான் இந்தக் கட்டிக்கும் காரணம். ராஜாவுக்கு வெள்ளை வேணும்னு தேர்ந்தெடுத்தப்ப இதையும் சேத்தே தேர்ந்தெடுத்துட்டாங்க, அப்ப யாருக்கும் தெரியாது. அதுக்கப்புறம் கைடு குரூப்ப விட்டுட்டு மாமாகிட்டயே தான் பேசிட்டு வந்தா, நடுவுல நான் மொழிபெயர்ப்பு. இடது கன்னத்துல L எழுத்த சூடு போடற பழைய வழக்கத்த அவ சொன்னா, ஊர்ல மாட்டுக்கு எங்க சூடு போடுவாங்கன்னு இவரு சொன்னாரு. லாயத்த விட்டு வெளிய வர்றதுக்குள்ள தீவனக் கணக்கு வரைக்கும் போயாச்சு.

சரி, இனி கமென்ட்ல வரப்போறவங்களுக்கு முன்கூட்டியே. ஒண்ணு, "குதிரைய அடிமையாக்கி டான்ஸ் ஆட விடறாங்க, இதுக்குப் போய் சப்போர்ட்டா". நான் லிபிட்சால நடக்கற சவாரி ஷோவுக்கு சப்போர்ட் பண்ணி எழுதல, ஷோ பாக்கணும்னு உங்கள தூண்டவும் இல்ல. எனக்கே அந்தப் பின்னங்கால்ல நிக்க வைக்கிற வித்தையில பெரிய ஆசை இல்ல. மேய்ச்சல்ல சும்மா நிக்கிற குதிரைய பாத்தா போதும். ரெண்டாவது, "வியன்னால ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூல் பாத்தாச்சு, அது தான் ஒரிஜினல்". அது லிபிட்ஸானர் குதிரைங்க வித்தை காட்டற சவாரிப் பள்ளி, அந்த ஹால் 1735ல கட்டி முடிச்சது, சரவிளக்கு, பாக்க அட்டகாசம் தான், மறுக்கல. ஆனா அங்க ஆடற குதிரைங்க ஆஸ்திரியால பீபர்ங்கற பண்ணையில பொறந்து வர்றது, அந்தப் பண்ணைக்கு குதிரை போனது முதல் உலகப்போருக்கு அப்புறம் நான் மேல சொன்ன பங்கு பிரிப்புல. யாரு ஒரிஜினல்னு நாடுகளுக்குள்ள வருஷக்கணக்கா சண்ட. கடைசில 2022ல ஸ்லோவேனியா, ஆஸ்திரியா, இத்தாலி, ஹங்கேரி, குரோஷியா உட்பட எட்டு நாடு சேந்து லிபிட்ஸானர் வளக்கற மரபுனு யுனெஸ்கோ லிஸ்ட்ல ஏத்தியிருக்காங்க. அவங்களே சமாதானம் ஆயிட்டாங்க, நாம ஏன் இங்க அடிச்சுக்கணும்.

இப்ப உங்க பிளான். நாலு நாள்ல லிபிட்சாவுக்குன்னு தனியா ஒரு நாள் ஒதுக்க வேணாம். போஸ்டோய்னா போற நாள்லயே முடிச்சிடலாம், இன்னும் சொல்லப்போனா போஸ்டோய்னா கூட்டத்த விட்டுட்டு ஷ்கோட்சியான் குகைக்குப் போங்க, லிபிட்சாவுக்கு ரொம்பப் பக்கம், அதுவும் யுனெஸ்கோ எடம் தான், 1986லருந்து. உள்ள பாதாளத்துல ஆறு ஓடுது, மேல பாலத்துல நாம நடக்கணும், தல சுத்தறவங்களுக்கு கொஞ்சம் கஷ்டம். காலையில லிபிட்சா, மதியம் குகை, அது சரியா இருக்கும். லிபிட்சால ஷோ எல்லா நாளும் கெடையாது, சீசன் பொறுத்து மாறும், டிக்கெட் வெலையும் மாறிட்டே இருக்கு, அதனால நான் இங்க போடல, அவங்க சைட்ல பாத்துக்கோங்க.

லுப்லியானாலருந்து ஹைவேல வந்தீங்கன்னா ஈ-விக்னெட், அதாவது ஹைவேக்கான ஆன்லைன் டோல் பாஸ், வாங்கியிருக்கணும், ரெண்டல் கார்ல அது ஏற்கனவே இருக்கானு சாவி வாங்கும்போதே கேட்டுடுங்க. ட்ரெயின்னா செஷானா வரைக்கும் தான் வரும், அங்கருந்து டாக்ஸி. இத்தாலிப் பக்கம் எட்டிப் பாக்கற ஐடியா இருந்தா பாஸ்போர்ட்ட கையில வெச்சுக்கோங்க, ஷெங்கன் தானே, பார்டர்ல செக்கிங் இருக்காதேனு ரூம்ல விட்டுட்டு வராதீங்க, 2023 அக்டோபர்லருந்து இத்தாலி இந்த பார்டர்ல செக்கிங் திரும்ப ஆரம்பிச்சாங்க. எங்க வீட்டு விருந்தாளி ஒருத்தரு பாஸ்போர்ட்ட சூட்கேஸ்லயே விட்டுட்டு வந்து, போலீஸ்காரன் முன்னாடி நான் பல்லக் காட்டிட்டு நின்னது தனிக்கதை. குளிர்காலம்னா போரானு ஒரு காத்து அடிக்கும், கார் கதவப் புடுங்கிட்டுப் போற மாதிரி, ஜாக்கெட் கட்டாயம்.

கடைசியா ஜிபிஎஸ்ல பேரப் பாத்து அடிங்க. லிபிக்னு குரோஷியால ஒரு ஊர் இருக்கு, அங்கயும் லிபிட்ஸானர் பண்ணை தான் இருக்கு, அதனால நிறைய பேர் கொழம்பிக்கறாங்க. அந்தப் பண்ணையில 1991 போர்ல குண்டு விழுந்து, குதிரைங்கள செர்பியாவுக்குக் கொண்டு போயி, 2007ல தான் திரும்ப வாங்குனாங்க. அதுவும் பாக்க வேண்டிய எடம் தான், ஆனா லிபிட்சாலருந்து 300 கிலோமீட்டருக்கு மேல, உங்க நாலு நாளுக்குள்ள அடங்காது.